கோர்ட்டுக் கணக்கில் நாம் எங்கே?

(மும்பையில் நடைபெற்ற சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, வேலை முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே!

நீதிமன்ற நிர்வாகத்தைப் பற்றியும், நீதிமன்றப் புள்ளிவிவரம் அரசாங்கத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றியும் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். புள்ளிவிவரம் என்ற சொல்லைக் கேட்டதுமே பின் வரிசையில் இரண்டு பேர் எழுந்து வாசலைப் பார்ப்பது தெரிகிறது. உட்காருங்கள் தோழர்களே! கோர்ட்டுப் படியை மிதிக்காமல் இருப்பதே புண்ணியம் என்று வாழ்கிற நமக்குக் கோர்ட்டுக் கணக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கணக்கில் நாம் இல்லாததால்தான் நம் பிள்ளை ஒருவன் போலீஸில் மாட்டிக்கொண்டால், ஜாமீன் கிடைத்த பிறகும் ஜெயிலிலேயே கிடக்கிறான். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சர்க்காருக்குச் சொந்தக் கண் கிடையாது. ஏடுதான் அதன் கண். ஏட்டில் ஒரு பத்தி இருந்தால் அந்தத் துன்பம் சர்க்காருக்குத் தெரியும். பத்தி இல்லையென்றால் ஆயிரம் பேர் அழுதாலும் தெரியாது. குழாயடியில் குடம் வைக்காதவளுக்கு வரிசையில் இடம் உண்டா? அது போலத்தான் இதுவும்.

எண்ணப்பட்டவனுக்கே இடம்

எண்ணப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இந்த மும்பை நகரமே சாட்சி. 1981-ஆம் ஆண்டில் அன்றைய மாநில அரசு, நடைபாதையில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். சொந்த ஊரில் நிலமற்ற கூலி. வறட்சியில் வேலை போய் 1961-இல் இங்கே வந்தவர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்ட அந்த வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடக்கம் என்றது அந்தத் தீர்ப்பு. கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் நடைபாதையில் தொடர்ந்து இருக்க உரிமை உண்டா என்றால், இல்லை என்று சொல்லிவிட்டது. மழைக்காலம் முடியும் வரை அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகு அகற்றலாம் என்றது.

மாற்று இடம் யாருக்கு? 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டு அட்டை பெற்றிருந்தவர்களுக்கு! அந்தக் கணக்கெடுப்பு நாளில் ஊருக்குப் போயிருந்தவன், வேலைக்குப் போயிருந்தவன், பெயர் விட்டுப் போனவன் கதி என்ன? ஒரே சாக்கடை ஓரத்தில் ஒரே மழையில் நனைந்த இரண்டு குடும்பங்களில், ஒன்றின் கையில் அட்டை இருந்தது, மற்றொன்றின் கையில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே, கணக்கு என்பது படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம்.

கோர்ட்டு ஏடு எப்படி எழுதப்படுகிறது?

இனி கோர்ட்டுக்கு வருவோம். நாம் கோர்ட்டு என்றால் மேடையில் உட்கார்ந்திருக்கும் நீதிபதியைத்தான் பார்க்கிறோம். மேடைக்குக் கீழே ஒரு பெரிய ஆபீஸ் இருக்கிறது. வழக்கைப் பதிந்து நம்பர் போடும் குமாஸ்தா, வாய்தா தேதி எழுதும் பெஞ்ச் கிளார்க், சம்மன் கொண்டுபோகும் ஆள், நகல் எடுத்துக் கொடுக்கும் பிரிவு, பழைய கட்டுகளை வைத்திருக்கும் ரிக்கார்டு அறை, இவை எல்லாம் சேர்ந்ததுதான் நீதிமன்ற நிர்வாகம். தீர்ப்பு மேடையில் பிறக்கிறது. ஆனால் வழக்கு மேடைக்கு எப்போது வரும், சம்மன் போய்ச் சேருமா, ஜாமீன் உத்தரவு ஜெயிலுக்கு இன்று போகுமா அடுத்த வாரம் போகுமா என்பதெல்லாம் இந்த ஆபீஸில்தான் இருக்கிறது.

இந்த ஆபீஸ் மாதந்தோறும் ஒரு கணக்கு எழுதுகிறது. ரேஷன் கடை ஸ்டாக் ரிஜிஸ்தரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தொடக்க இருப்பு இவ்வளவு, புது வரவு இவ்வளவு, விநியோகம் இவ்வளவு, கடைசி இருப்பு இவ்வளவு. அதே கணக்குதான். மாதத் தொடக்கத்தில் நிலுவை, புதிதாகத் தாக்கலானது, பைசலானது, மாதக் கடைசியில் நிலுவை. இந்தக் கணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கிருந்து உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது. இது ஏதோ பழக்கத்தால் நடப்பதல்ல. அரசியல் சட்டத்தின் 227-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது: தன் கீழுள்ள நீதிமன்றங்களிடம் உயர்நீதிமன்றம் கணக்கு விவரம் கேட்டு வாங்கலாம், ஏடுகளை எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று விதிக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டின் பத்திகளை மாற்ற அதிகாரம் உள்ள இடம் எது என்பது நமக்குப் பின்னால் தேவைப்படும்.

கணக்கு எழுதும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. மாகாணந்தோறும் நீதி நிர்வாக அறிக்கை ஆண்டுதோறும் அச்சாயிற்று. தாமதத்தை ஆராய 1924-இல் நீதிபதி ராங்கின் தலைமையில் ஒரு குழுவும் போட்டார்கள். ஆக, வழக்கு தேங்குகிறது என்ற புலம்பலுக்கு நூறு வயது ஆகிவிட்டது.

இன்று அந்த ஏடு கம்ப்யூட்டருக்குப் போயிருக்கிறது. 2015 முதல் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு என்ற ஒன்றை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். எந்த மாவட்டத்தில் எத்தனை வழக்கு, அதில் பத்து வருஷம் கடந்தது எத்தனை என்று தெரிகிறது. 2024-இல் மாவட்ட நீதிமன்றங்களிலும் அதற்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் மட்டும் 4 கோடியே 40 லட்சத்துக்கு மேல் வழக்குகள் நிலுவை. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஒளிந்திருந்த கணக்கு வெளியே வந்திருக்கிறது.

கணக்கை வைத்துச் சர்க்கார் செய்வது என்ன?

கணக்கு எதற்கு? பணத்துக்கும் ஆளுக்கும்! ஒரு மாவட்டத்துக்கு இன்னும் நாலு நீதிபதி வேண்டும், பத்து குமாஸ்தா வேண்டும், கட்டிடம் வேண்டும் என்று கேட்டால், நிதித்துறை முதலில் கேட்பது கணக்கைத்தான்.

1987-இல் சட்டக் கமிஷன் தன் 120-ஆவது அறிக்கையில் ஒரு கணக்குச் சொன்னது. பத்து லட்சம் மக்களுக்கு நம் நாட்டில் பத்தரை நீதிபதிகள்தான் இருக்கிறார்கள். ஐந்தே ஆண்டுகளில் அதை 50 ஆக்க வேண்டும் என்றது. 2002-இல் உச்சநீதிமன்றமும் அதையே வலியுறுத்தி உத்தரவிட்டது. இன்று எங்கே நிற்கிறோம்? அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதில், சுமார் 21. அந்த 21-ஐயும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். அது உட்கார்ந்து வேலை பார்க்கும் நீதிபதிகளின் எண்ணிக்கை அல்ல. ஒப்புதல் பெற்ற பதவிகளின் எண்ணிக்கை. காலி நாற்காலியும் அதில் சேர்த்தி! வகுத்த மக்கள்தொகையோ 2011-ஆம் ஆண்டுக்குரியது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போயிற்று. 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளையும், காலியாகக் கிடக்கும் நாற்காலிகளையும் கணக்கில் கொண்டால் அந்த 21 எவ்வளவு குறையும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்துக்குப் பணமே ஒதுக்கவில்லையா? ஒதுக்கினார்கள். 13-ஆவது நிதிக் கமிஷன் 2010 முதல் 2015 வரைக்குமாக நீதித்துறைக்கு 5,000 கோடி ரூபாய் சொன்னது. காலை, மாலை நீதிமன்றங்கள் நடத்தலாம். நீதிபதியின் தலையிலிருந்து ஆபீஸ் பாரத்தை இறக்க நீதிமன்ற மேலாளர்களை நியமிக்கலாம் என்றது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி செலவாகாமலே போயிற்று. 2023-இல் கம்ப்யூட்டர் மயமாக்கும் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கம்ப்யூட்டர் வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பழைய பத்தியையே கம்ப்யூட்டரில் அடித்தால் பழைய குருட்டுத்தனம்தான் வேகமாக ஓடும்.

வழக்கு உண்டு, மனிதன் இல்லை

அந்தக் குருட்டுத்தனம் எது? கோர்ட்டு ஏடு வழக்கை எண்ணுகிறது. மனிதனை எண்ணுவதில்லை.

போக்குவரத்து அபராதச் சலானும் ஒரு வழக்கு. பெற்ற தாய் கண்ணீரோடு நிற்கும் கொலை வழக்கும் ஒரு வழக்கு. ஏட்டில் இரண்டுக்கும் ஆளுக்கொரு கோடு. 2014-இல் சட்டக் கமிஷன் தன் 245-ஆவது அறிக்கையில் காட்டியபடி, கீழ் நீதிமன்றங்களின் நிலுவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போக்குவரத்துச் சலான், போலீஸ் சலான் வகைதான். ஒவ்வொரு உயர்நீதிமன்றத்திலும் எண்ணும் முறையும் ஒன்றுபோல் இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. ஒரே வழக்குக்குள் போடப்படும் இடைக்கால மனுவை ஓரிடத்தில் தனி வழக்காக எண்ணுவார்கள், வேறிடத்தில் எண்ண மாட்டார்கள். ஆக, ஒரு கோடி என்றால் எந்தக் கோடி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பைசல் என்பதையும் பாருங்கள். நீதிபதி மாதம் எத்தனை பைசல் செய்தார் என்பதை வைத்தே அவர் வேலை அளக்கப்படுகிறது. எண்ணிக்கை முக்கியம் என்றால் எந்த வழக்கு முதலில் முடியும்? சாட்சி பத்துப் பேர் உள்ள பழைய வழக்கா, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகிற சின்ன வழக்கா? யாரையும் குறை சொல்லவில்லை. அளவுகோல் எப்படியோ வேலையும் அப்படி. வழக்கை ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு மாற்றினால் இந்த ஏட்டில் மீதி குறைகிறது, அந்த ஏட்டில் கூடுகிறது. உள்ளே கிடப்பவனுக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

ஜெயில் கணக்கு தனி. அதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022 டிசம்பர் 31-ஆம் நாள் நாட்டின் ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு 75-க்கும் மேல்! நான்கு பேரில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். நம் ஆர்தர் ரோடு ஜெயிலில் நெரிசல் எப்படி என்பது மனு பார்க்கப் போய் வந்த தாய்மார்களுக்குத் தெரியும்.

கோர்ட்டில் வழக்குக் கணக்கு. ஜெயிலில் ஆள் கணக்கு. இந்த இரண்டு ஏடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத இடைவெளி இருக்கிறதே, அந்தச் சந்துக்குள்தான் ஏழை காணாமல் போகிறான்.

ஒரு பட்டியல் செய்த வேலை

அந்தச் சந்துக்குள் முதன்முதலாக வெளிச்சம் பாய்ந்தது 1979-இல். போலீஸ் கமிஷன் உறுப்பினராக இருந்த ருஸ்தம்ஜி, பீகார் ஜெயில்களைப் பார்த்துவிட்டு இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏட்டில் எழுதினார். விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் ஆண்கள், பெண்கள், சிறுவர்கள்! குற்றம் நிரூபணமானாலும் சட்டம் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை எவ்வளவோ, அதைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர்.

நீதிபதி பகவதி சட்டத்தை விளக்கினார். விரைவான விசாரணை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றார். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றம் பீகார் அரசிடம் கேட்டது என்ன தெரியுமா? ஒரு பட்டியல்! எந்த வருஷம் முதல் யார் உள்ளே இருக்கிறார்கள், சிறு குற்றம் எத்தனை, பெருங் குற்றம் எத்தனை என்று பிரித்து எழுதிய பட்டியல். அந்தப் பட்டியல் அதுவரை கேட்கப்படவில்லை. ஆகவே எழுதப்படவும் இல்லை. கேட்டதும் எழுத வேண்டியதாயிற்று. எழுதியதும் மறைக்க முடியவில்லை. அந்த வழக்கின் பலனாக சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்ததாகப் பின்னாளில் கணக்கிட்டார்கள். சட்டம் முன்பும் இருந்தது தோழர்களே! பட்டியல்தான் இல்லை.

வெளியூர்க்காரனுக்கு யார் ஜாமீன்?

இப்போது நம் வீட்டுக்கே வருவோம். நாம் வெளியூர்க்காரர்கள். திருநெல்வேலியிலும் சேலத்திலும் நிலம் இருந்தால் இருக்கலாம். இங்கே குடியிருப்பது வாடகை அறை. ஒரு பையனைப் பிடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். நீதிபதி ஜாமீன் கொடுக்கிறார். இருபதாயிரம் ரூபாய்க்கு உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும், சால்வன்ஸி சர்டிபிகேட் வேண்டும் என்கிறார்கள். கூட வேலை செய்பவனுக்கு ரேஷன் கார்டு ஊரில். அப்பா வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அவர் சொத்து தமிழ்நாட்டில். போதாது என்கிறார்கள். கோர்ட்டு ஏட்டில் ஜாமீன் மனு பைசல்! பையன் ஜெயிலில்!

இந்த அநியாயத்தை 1978-லேயே ஒரு நீதிபதி பார்த்தார். மோதிராம் என்ற வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு உச்சநீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் என்று தள்ளினார். கொத்தனார் மறுபடியும் உச்சநீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்தே எழுதினார். தென்னாட்டுக்காரன் ஒருவன், ஒரு தமிழனோ மலையாளியோ, வடக்கே எங்கோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே தேடுவான் என்று அவர் கேட்டார். மாவட்டத்தைப் பார்த்தோ மொழியைப் பார்த்தோ ஜாமீன்தாரரைத் தள்ளுவது இந்தியன் என்ற சமத்துவத்துக்கே விரோதம் என்றார். ஆயிரம் ரூபாய்ச் சொந்த ஜாமீனில் அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார்.

இது 1978. அதன் பிறகு என்ன நடந்தது? தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது. உள்ளூர் ஜாமீன் கேட்பது கோர்ட்டில் தொடர்ந்தது. காரணம் எளிது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. தீர்ப்பு மீறப்படுகிறதா என்று பார்க்கவே வழியில்லை.

எண்ணினார்கள், கதவு திறந்தது

2022 நவம்பர் 26, அரசியல் சட்ட நாளில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சிறு குற்றத்துக்காக ஜெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி உச்சநீதிமன்ற நீதிபதிகள் முன்னாலேயே பேசினார். மூன்றே நாளில் உச்சநீதிமன்றம், ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களின் விவரத்தைக் கொடுங்கள் என்று எல்லா ஜெயில்களுக்கும் உத்தரவிட்டது. கணக்கு வந்தது. நாடு முழுக்க சுமார் 5,000 பேர்! நீதிபதி போகலாம் என்று சொல்லிவிட்ட 5,000 பேர்!

எண்ணியதோடு நிற்கவில்லை. தேசியச் சட்டப்பணி ஆணையம் தந்த விவரப்படி, அவர்களில் 2,357 பேருக்குச் சட்ட உதவி போய்ச் சேர்ந்தது. 1,417 பேர் வெளியே வந்தார்கள். புதுச் சட்டம் வந்ததா? இல்லை. புது நீதிபதி வந்தாரா? இல்லை. ஒரு பத்தி வந்தது, அவ்வளவுதான்.

2023 ஜனவரி 31-இல் உச்சநீதிமன்றம் ஓர் ஒழுங்கு வகுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றே அல்லது மறுநாளே ஜெயிலுக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்த தேதியை ஜெயில் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் ஜெயில் சூப்பிரண்டு மாவட்டச் சட்டப்பணி ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன் கேட்பதால்தான் விடுதலை தாமதமாகிறது. இப்படிப்பட்டவர்களிடம் அதைக் கேட்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. கிருஷ்ணய்யர் சொல்லி 45 வருஷம் கழித்து!

இந்த ஒழுங்கு முழுக்கவும் கோர்ட்டு நிர்வாகம்தான் என்பதைக் கவனியுங்கள். தேதி பதிவது, நகல் அனுப்புவது, ஏழு நாள் எண்ணுவது. நீதி என்பது பாதி குமாஸ்தா வேலை. அந்தப் பாதி நடக்காவிட்டால் மேல் பாதிக்கு அர்த்தமே இல்லை.

புதிய குற்ற நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 479-ஆவது பிரிவின்படி, முதல் முறையாக வழக்கில் சிக்கிய விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால் சொந்த ஜாமீனில் விடப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு மனு அனுப்ப வேண்டியது ஜெயில் சூப்பிரண்டின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்று முடிந்தது என்று யார் எண்ணுவது? மறுபடியும் அதே கேள்வி!

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, சங்கத்தின் முன் சில காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் சங்கத்திலேயே ஓர் ஏடு போட வேண்டும். நம் மக்களில் யார் கைதானாலும் ஏழு விவரம் அதில் ஏற வேண்டும்: பெயர், கைதான நாள், போலீஸ் ஸ்டேஷன், சட்டப் பிரிவு, வழக்கு எண், ஜாமீன் கிடைத்த நாள், வெளியே வந்த நாள். கடைசி இரண்டு நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று நாம் எண்ணுவோம். ஒவ்வொரு வழக்குக்கும் கம்ப்யூட்டரில் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அதை வக்கீலிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனிலேயே பார்க்கலாம். வக்கீல் வீட்டு வாசலில் ஒரு நாள் கூலியை இழந்து நிற்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளைகளே இதைச் செய்து தருவார்கள்.

இரண்டாவது, இலவசச் சட்ட உதவி பிச்சை அல்ல. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் உள்ளவர், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அதைப் பெறலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவ 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஆள் வராவிட்டால், 2023 உத்தரவைக் குறிப்பிட்டு மாவட்டச் சட்டப்பணி ஆணையத்துக்கு மனு எழுதுங்கள். சங்கம் எழுதித் தரும்.

மூன்றாவது, கோரிக்கை. ஏட்டின் வடிவத்தை விதிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் நம் மனு போக வேண்டும். மாதக் கணக்கில் மூன்று பத்திகள் சேர்க்கக் கேட்போம். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளுக்கு மேல் உள்ளே இருப்பவர் எத்தனை பேர்? அவர்களில் வெளிமாநிலத்தவர் எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் வாய்தா போன வழக்கு எத்தனை? இந்தி தெரியாது, மராத்தி தெரியாது, நடப்பது புரியாது என்று கைகட்டி நிற்கும் நம் பெரியவர்களுக்காகக் கேட்கிறோம். சாட்சியத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அது நடக்கிறதா என்பதற்கு ஒரு பத்தி வேண்டும். இது தமிழனுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. பீகாரிலிருந்து வந்த தச்சனுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த தறிக்காரனுக்கும் இதே கதிதான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் குரல் பெரிதாகும்.

நீதிபதிகள் நமக்கு விரோதிகள் அல்ல. குமாஸ்தாக்களும் நம்மைப் போல மாதச் சம்பளத்தை எண்ணி வாழ்கிறவர்கள்தான். அவர்கள் முன்னால் விரித்து வைத்த ஏட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் அவர்கள் நிரப்புவார்கள். அந்த ஏட்டில் நம் பெயருக்கு ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்பது நம் வேலை. பீகாரில் ஒரு பட்டியல் கேட்டதால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவு திறந்தது. 2022-இல் ஒரு கேள்வி கேட்டதால் 1,417 குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த 1,417 பேரும் இன்னும் பைசலான மனுக்களாகவே கிடந்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் சாலில், உங்கள் சந்தில் யாராவது உள்ளே இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். வெட்கப்பட வேண்டாம்; வழக்கு என்பது குற்றம் அல்ல. நம் ஏட்டின் முதல் பக்கம் இன்று இரவே எழுதப்படட்டும்.